செத்த காலேஜ், உயிர் காலேஜ், காபி கிளப்: முதல் தடவை பட்டணம் பார்க்கப் போறவங்களுக்கு

"சென்னைக்கு முதல் தடவை வர்றோம். மூணு நாள் கையில இருக்கு. எதைப் பார்க்கலாம், எங்க சாப்பிடலாம்?"

மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுவார்கள். பழைய சென்னையைப் பற்றிப் படிப்பதும் குறிப்பு எடுப்பதும் எனக்குப் பொழுதுபோக்கு என்று தெரிந்ததால் வருகிற கேள்வி. கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கனவே ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு வைத்திருப்பார்கள். இடது பக்கம் 'பார்க்க', வலது பக்கம் 'சாப்பிட'. இடது பக்கம் மெரினா, மியூசியம், வண்டலூர். வலது பக்கம் இணையத்தில் பார்த்த பத்துப் பன்னிரண்டு கடைகள்.

இந்த இரண்டு பத்திக்கும் தனித்தனி வரலாறு உண்டு. இரண்டும் ஒரே காலத்தில் எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. பட்டணத்துக்கு வந்தவர் கூண்டுக்குள் இருக்கும் புலியைப் பார்க்க 1850களிலேயே வழி பிறந்துவிட்டது. அதே ஆள் வெளியே வந்து, யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்கார்ந்து, ஒரு தட்டு இட்லி தின்ன இன்னும் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆனது. இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் மூன்று நாளைத் திட்டமிட்டால், பார்க்கிற இடமும் சாப்பிடுகிற இடமும் வேறு மாதிரி தெரியும். அதற்காகத்தான் இந்தப் பதிவு. கடைசியில் நாள்வாரியாக ஒரு திட்டமும் போட்டிருக்கிறேன். அவசரக்காரர்கள் அங்கே போய்விடலாம், ஆனா நடுவுல இருக்கறதைப் படிச்சுட்டுப் போனா சாப்பாடு இன்னும் ருசிக்கும்.

ரயில் கொண்டுவந்து கொட்டிய கூட்டம்

'கெட்டும் பட்டணம் சேர்' என்பது பழமொழி. ஊரில் எல்லாம் இழந்தவனும் பட்டணத்தில் பிழைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். பிழைக்கப் போகிறவர்கள் எப்போதும் இருந்தார்கள். ஆனால் சும்மா பார்த்துவிட்டு வருவதற்காக ஒரு சாதாரணக் குடும்பம் பட்டணம் கிளம்பியதென்றால், அதற்குக் காரணம் ரயில்.

1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அந்த ராயபுரம் நிலையக் கட்டிடம் இன்றும் நிற்கிறது. 1873இல் சென்ட்ரல் வந்தது. 1908இல் எழும்பூர் நிலையம் திறந்தது. தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்களுக்குப் பட்டணம் என்பது எழும்பூரில் தொடங்கியது. மற்ற திசைகளிலிருந்து வந்தவர்களுக்குச் சென்ட்ரலில்.

மூன்றாம் வகுப்புப் பெட்டி அந்தக் காலத்து ஊர் ஒழுங்கைக் கலைத்துப் போட்ட இடம். டிக்கெட் வாங்கியவன் ஏறலாம், இடம் கிடைத்தவன் உட்காரலாம். தெருவில் எதிரே வந்தால் ஒதுங்கிப் போகவேண்டும் என்று ஊர் விதித்திருந்தவர், ராத்திரி முழுக்கத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தார். இதைப் பின்னால் ஒரு இடத்தில் மறுபடி எடுக்கிறேன், ஞாபகம் வச்சுக்குங்க.

'பார்க்க' பத்தி: காலேஜ் பார்க்கப் போன கதை

இறங்கியவர்கள் எதைப் பார்த்தார்கள்? பழைய ஆட்களைக் கேட்டால் முதலில் இரண்டு 'காலேஜ்' சொல்லுவார்கள். செத்த காலேஜ், உயிர் காலேஜ்.

செத்த காலேஜ் என்பது எழும்பூர் மியூசியம். உயிர் காலேஜ் என்பது மிருகக்காட்சி சாலை. 1851இல் மியூசியம் தொடங்கியபோது அது இருந்த இடம் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டிடம். அதனால் மக்கள் வாயில் 'காலேஜ்' ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். 1854இல் எழும்பூரில் 'பாந்தியன்' எனப்பட்ட வளாகத்துக்கு மியூசியம் இடம் மாறியது. இன்றைய பாந்தியன் சாலைக்குப் பெயர் அப்படித்தான் வந்தது. இடம் மாறியும் பேர் மாறவில்லை.

முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர், தொழிலால் ராணுவ மருத்துவர். மியூசியத்தில் சில உயிருள்ள விலங்குகளையும் வைத்திருந்தார். கல்லையும் எலும்பையும் விட அவற்றைப் பார்க்கத்தான் கூட்டம் கூடியது. அதைக் கவனித்தவர், ஆர்க்காடு நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளையும் வாங்கி, 1855இல் மியூசியம் வளாகத்திலேயே ஒரு விலங்குக் கூடம் தொடங்கினார். 1860களின் தொடக்கத்தில் அது சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. ஆக, உயிர் இருந்தால் ஒரு காலேஜ், உயிர் போனால் இன்னொரு காலேஜ். இவ்வளவு கச்சிதமாகப் பேர் வைத்தது எந்த அதிகாரியும் இல்லை, பார்க்க வந்த சனங்கள்தான்.

இடத்தைக் கொஞ்சம் மனதில் வரைந்து பாருங்க. சென்ட்ரலில் இறங்குகிறார்கள். பக்கத்திலேயே பீப்பிள்ஸ் பார்க், அதற்குள் உயிர் காலேஜ். 1900இல் அங்கேயே மூர் மார்க்கெட்டும் திறந்தது. பழைய புத்தகம், பொம்மை, கிளி, நாய்க்குட்டி என்று கிடைக்காதது இல்லை. 1895இலிருந்து மின்சார டிராம் ஓடியது, 1953 வரை ஓடியது. முதல் தடவை வந்தவருக்கு வேடிக்கை என்பது நிலையத்து வாசலிலேயே தொடங்கியது. இன்று அங்கே உயிர் காலேஜும் இல்லை, மூர் மார்க்கெட்டும் இல்லை. 1985 இரண்டுக்கும் முக்கியமான வருஷம். மிருகக்காட்சி சாலை வண்டலூரில் புதிதாகத் திறந்தது அந்த வருஷம். மூர் மார்க்கெட் தீயில் எரிந்ததும் அதே வருஷம். மார்க்கெட் இருந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம். ரயில்வே அறிவிப்பில் 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்' என்று பேர் மட்டும் மிச்சம் இருக்கு.

அடுத்தது கடற்கரை. மெரினாவை இயற்கை தந்த அழகு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பாதிதான் சரி. 1870களின் பின்பாதியில் துறைமுகச் சுவர்கள் கட்டத் தொடங்கியபோது, தெற்கிலிருந்து கடல் நீரோட்டம் கொண்டுவந்த மணல் வடக்கே போக வழியில்லாமல் துறைமுகத்துக்குத் தெற்கே சேர்ந்தது. அந்த மணல்தான் இன்றைய அகலமான மெரினா. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் மணல் வராமல் கடல் கரையை அரித்தது. ஒரு பக்கம் உலாவும் இடம், மறுபக்கம் வீடு போன மீனவக் குப்பங்கள். ஒரே சுவரின் இரண்டு விளைவு. அந்தக் கரையில் உலாவும் சாலை போட்டு 'மெரினா' என்று பேர் வைத்தவர் 1881 முதல் 1886 வரை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப்.

பிறகு உயரமான கட்டிடங்கள். உயர் நீதிமன்றத்தின் கோபுரத்தில் 1894இலிருந்து கலங்கரை விளக்கு எரிந்தது. 1977இல் அது மெரினாவின் தென்முனைக்கு வந்தது. 1959இல் மவுண்ட் ரோட்டில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டிடம் எழுந்தது. பழைய சினிமாவில் கதாநாயகன் பட்டணம் வந்துட்டான்னு காட்ட சென்ட்ரல் மணிக்கூண்டு ஒரு ஷாட், எல்.ஐ.சி. ஒரு ஷாட் போதும். ஊரிலிருந்து வந்தவர்கள் கீழே நின்று மாடி எண்ணினார்கள். எண்ணுவதற்குக் காசு கேட்க யாரும் இல்லை.

இந்தப் பட்டியலை மொத்தமாகப் பாருங்க. மியூசியம், மிருகக்காட்சி, கடற்கரை, மார்க்கெட், விளக்கு, உயர்ந்த கட்டிடம். எதுவும் யாருடைய வீடும் இல்லை, கோயிலும் இல்லை. "நீ யாரு வீட்டுப் புள்ள, எந்தத் தெரு?" என்று கேட்க ஆள் இல்லாத இடங்கள். ஊரில் கால் வைக்க முடியாத தெருக்கள் இருந்த ஒருவருக்கு, பட்டணத்தின் பெரிய அதிசயம் புலியா, அல்லது புலியைப் பார்க்கும் கூட்டத்தில் தன்னை யாரும் விலக்காததா? எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. காணும் பொங்கலன்று மெரினாவிலும் வண்டலூரிலும் இன்றும் கூடுகிற பெருங்கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நினைப்பு வரும். அந்தக் கூட்டத்தை 'நெரிசல்' என்று முகம் சுளிக்கிறவர்கள், அதற்குப் பின்னால் இருக்கும் நூற்றைம்பது வருஷப் பழக்கத்தைப் பார்ப்பதில்லை.

கோயிலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் இன்று எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் முதல் ஐந்துக்குள் வரும். அதன் ராஜகோபுரம் 1906இல் எழுந்தது. ஆனால் சென்னை மாகாணக் கோயில்கள் எல்லாச் சாதியாருக்கும் உரிமையாகத் திறந்தது 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டத்தால்தான். கோபுரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே 41 வருஷம். அதுவரை 'பார்க்க' என்ற பத்தியில் பலருக்குக் கோபுரம் மட்டும்தான், அதுவும் வெளியே நின்று.

'சாப்பிட' பத்தி: கட்டுச்சோற்றிலிருந்து காபி கிளப் வரை

இப்போ வலது பக்கம் வருவோம்.

முதலில் வந்தவர்கள் கடையில் சாப்பிடவே இல்லை. கட்டுச்சோறு கொண்டுவந்தார்கள். என் பாட்டி கடைசி வரை எந்தப் பயணத்துக்கும் புளிச்சோறும் வாழை இலையில் மடித்த தயிர்ச்சாதமும் இல்லாமல் கிளம்பியதில்லை. ஓட்டல் என்றாலே அவருக்கு ஒரு கூச்சம். காசு மிச்சம் என்பது பாதிக் காரணம். சமைத்தது யார், பக்கத்தில் உட்காருவது யார் என்ற கேள்வி மீதிக் காரணம். வாய்விட்டுச் சொல்லாத காரணமும் அதுதான். சாதி மேலே இருந்தவர்கள் தீட்டுக்குப் பயந்து சோறு கட்டினார்கள். கீழே தள்ளப்பட்டவர்கள் உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்து சோறு கட்டினார்கள். ஒரே மூட்டைதான், காரணம் மட்டும் நேர் எதிர்.

'கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?' இரண்டாம் நாள் புளிச்சோறு தீர்ந்ததும் அடுத்த வழி தேடவேண்டும். சென்ட்ரலுக்கு எதிரே ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய சத்திரம் மாதிரி, தங்கவும் பொங்கித் தின்னவும் சில சத்திரங்கள் இருந்தன. அப்புறம் காபி கிளப்புகள் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு நகரங்களில் காபி பரவியதும் இந்தக் கடைகள் பெருகியதும் சேர்ந்தே நடந்தன. பலகையில் 'பிராமணாள் காபி கிளப்' என்று எழுதியிருப்பது வழக்கம். சமைப்பவர் யார் என்று சொல்லும் விளம்பரம் அது. உள்ளே யார் எங்கே உட்காரலாம் என்று சொல்லும் உத்தரவும் அதுவே. பல கடைகளில் பிராமணர்களுக்கு உள்ளே தனி இடம், மற்றவர்களுக்கு முன்பக்கம். தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் எந்தப் பக்கமும் இல்லை.

ரயில் நிலையங்களிலும் இதே கதை. மேலே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த மூன்றாம் வகுப்புப் பெட்டி. ராத்திரி முழுக்கத் தோளோடு தோள் வந்தவர்கள் காலையில் இறங்கினால், நிலையத்துச் சிற்றுண்டிச் சாலையில் பிராமணர்களுக்கு ஓர் இடம், இதரர்களுக்கு வேறிடம். பயணம் செய்யும்போது ஒட்டாத தீட்டு பலகாரம் தின்னும்போது ஒட்டியது! சுயமரியாதை இயக்கமும் நீதிக்கட்சியும் இதை எதிர்த்துப் பல வருஷம் பேசின. 1941இல் ரயில் நிலைய உணவகங்களில் இந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது.

இதற்கு முன்பே, 1924இல், சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொதுக் கட்டிடம் எதிலும் தாழ்த்தப்பட்டவர்களைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அரசாங்கமும் அதை ஆணையாக வெளியிட்டது. அது பெரிய அடி. ஆனால் தனியார் நடத்தும் காபி கிளப்பின் பந்தி வேறு உலகமாகவே இருந்தது.

அதைத் தொட்டது 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம். அதன் 15ஆவது பிரிவை ஒரு தடவை எடுத்துப் படித்துப் பாருங்க. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாத இடங்களின் வரிசையில் கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்கள் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் ஓட்டல் இடம்பெற வேண்டியிருந்தது என்றால் வெளியே நிலைமை எப்படி இருந்திருக்கும்! 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து, ஓட்டலில் விடமாட்டேன் என்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

அப்படியும் பலகைகள் போகவில்லை. 1957 மே மாதம் பெரியாரின் திராவிடர் கழகம் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் மறியல் தொடங்கியது. கோரிக்கை ஒன்றே ஒன்று: பெயர்ப் பலகையில் உள்ள 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கவேண்டும். தொண்டர்கள் நாள்தோறும் போய்க் கைதானார்கள். மாதக்கணக்கில் நீடித்தது. அடுத்த ஆண்டு அந்தச் சொல் போனது. "ஒரு சொல்லுக்கா இவ்வளவு?" என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறவர்கள் உண்டு. வாசலில் அந்தச் சொல் இருக்கும்வரை உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் தன் சாதியை ஒரு நொடியாவது நினைத்துக்கொண்டுதான் நுழையவேண்டும். பசித்து வந்தவனுக்கு அந்த ஒரு நொடி பெரிய தூரம்.

அடுப்போடு வந்தவர்கள்

இந்தப் பத்தியில் சண்டை மட்டும் இல்லை. பிழைக்க வந்தவர்கள் கொண்டுவந்த ருசியும் உண்டு. நீங்கள் தேடி வருகிற 'சென்னைச் சாப்பாடு' பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள் மூட்டிய அடுப்பில் வெந்தது.

உடுப்பிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1920களில் வந்த கே. கிருஷ்ணராவ் ஜார்ஜ் டவுனில் ஆரம்பித்து, மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தி, 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். 1962இல் கதீட்ரல் ரோட்டில் அவர் திறந்த டிரைவ்-இன் உட்லண்ட்ஸில், காரை நிறுத்தினால் தட்டு காருக்கே வரும். 2008இல் அது மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா. மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் இன்றும் இருக்கிறது.

திருவல்லிக்கேணி ரத்னா கபே 1948இல் தொடங்கியது. சாம்பாரில் மிதக்கும் இட்லிக்குப் பேர் போன அந்தக் கடையை ஆரம்பித்தது வட இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். நம்ம சாம்பாருக்கு மதுரா ஊர்க்காரர்கள் பேர் வாங்கிக் கொடுத்திருக்காங்க பாருங்க. மவுண்ட் ரோட்டில் 1951இல் ஏ.எம். புகாரி திறந்த ஓட்டல் இன்னும் இருக்கிறது. சிக்கன் 65 அங்கே 1965இல் பிறந்தது என்பது அந்த ஓட்டல் சொல்லும் கணக்கு. பேருக்கு வேறு பல கதைகள் உலவினாலும், சாப்பிடுகிறவருக்கு அது ஒரு தடையே இல்லை.

பாரிமுனைக்குப் பக்கத்தில் பர்மா பஜார். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது, பிறகு கடைகளும் தொழில்களும் நாட்டுடைமை ஆயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பல் ஏறினார்கள். அவர்களுக்காக 1969இல் ஒதுக்கிய கடைகள்தான் பர்மா பஜார். பின்னாடி இரண்டாவது கடற்கரைச் சாலையில் சாயங்காலமானால் தள்ளுவண்டிகள் நிற்கும். அத்தோ என்றால் நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய் போட்டுக் கையால் பிசைந்து தருவது. பேஜோவை நொறுக்கிப் போடுவார்கள். கூட வாழைத்தண்டு சூப். மொய்ங்காவும் கிடைக்கும். ரங்கூனை இழந்தவர்கள் அதை ஒரு தட்டில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

சரி, உங்க மூணு நாள்

சனி, ஞாயிறு, திங்கள் வைத்துக்கொள்ளுங்க. எழும்பூர் மியூசியத்துக்கும் கோட்டை மியூசியத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூருக்குச் செவ்வாய். ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் வேண்டாம், சித்திரை வெயிலும் வேண்டாம். மார்கழி, தை நல்லது. மார்கழியில் வந்தால் கச்சேரி நடக்கும் சபாக்களின் கேன்டீன்களில் இலை போட்டுச் சாப்பிடலாம். பாட்டுக் கேட்டுத்தான் ஆகணும்னு கட்டாயம் இல்லை.

சனிக்கிழமை காலை எழும்பூர் மியூசியம். அரை நாள் கொடுங்க. வெண்கலக் கூடத்தில் திருவாலங்காடு நடராசரையும் திருவெண்காடு அர்த்தநாரீசுவரரையும் நின்று பாருங்கள். அமராவதிச் சிற்பங்கள், ஆதிச்சநல்லூர்ப் பானைகள், குழந்தைகளுக்குத் திமிங்கல எலும்புக்கூடு. அதே வளாகத்தில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம். மதியம் ஏதாவது ஒரு அம்மா உணவகம். எந்த உணவுப் பட்டியலிலும் இது வராது, நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். 2013இல் மாநகராட்சி தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர்ச்சாதம் மூன்று. ஒரே வரிசை, நின்றுகொண்டே சாப்பிடும் மேசை. இந்தப் பதிவில் சொன்ன நூறு வருஷக் கதைக்கு அந்த வரிசை ஒரு பதில். பிற்பகல் கோட்டை: 1640இல் கட்டத் தொடங்கிய இடம், 1680இல் திறந்த செயின்ட் மேரி தேவாலயம், கோட்டை மியூசியம். தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அங்கிருந்து உயர் நீதிமன்றத்தின் கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, இருட்டும் நேரத்துக்கு அத்தோ வண்டி. நேரம் மிஞ்சினால் ராயபுரம் நிலையம்.

ஞாயிறு காலை மயிலாப்பூர். குளத்தைச் சுற்றி மாடவீதியில் நடந்து, கோயிலுக்குப் போய், டிபனை அங்கேயே முடித்துவிடலாம். வெயில் நேரத்தில் அறைக்குத் திரும்பி ஓய்வு எடுப்பது நல்லது, மெட்ராஸ் வெயிலோட மல்லுக்கட்டாதீங்க. மூன்று மணிக்கு மேல் கலங்கரை விளக்கம். லிஃப்டில் மேலே போய் வடக்கே பாருங்கள், துறைமுகம் சேர்த்த மணல் எவ்வளவு என்று ஒரே பார்வையில் புரியும். சாயங்காலம் மெரினா, தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல். ராத்திரி திருவல்லிக்கேணிக்கு நடந்து ரத்னா கபேயில் சாம்பார் இட்லி. பறக்கும் ரயிலில் திருமயிலை, கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி என்று ஒரே தடத்தில் நிலையங்கள் இருப்பதால் இந்த நாளுக்கு ஆட்டோச் செலவு குறைவு.

திங்கள் காலை நியூ உட்லண்ட்ஸில் டிபன். பிறகு மெட்ரோவில் எல்.ஐ.சி. நிலையத்தில் இறங்கி, கீழே நின்று 14 மாடியையும் எண்ணுங்கள், வெட்கப்படாதீங்க. மவுண்ட் ரோட்டில் நடந்து மதியம் புகாரி பிரியாணி. தெற்கே போகும் பஸ்ஸில் ஊர் திரும்புகிறவர்கள் கிளாம்பாக்கம் போகத்தான் வேண்டும். வண்டலூர் அதன் பக்கத்திலேயே. உயிர் காலேஜைக் கடைசி நாளில் வைத்ததற்குக் காரணம் அதுதான்.

கூடவே ஒரு சின்ன வேலையும் தர்றேன், காசு செலவில்லாதது. மூன்று நாளும் சாப்பாட்டுக் கடைகளின் பலகைகளைப் படித்துக்கொண்டே நடங்க. 'உயர்தர சைவ உணவகம்' என்று இருக்கும், 'மிலிட்டரி ஓட்டல்' என்று இருக்கும், ஊர்ப் பெயர் இருக்கும், சாமி பெயர் இருக்கும். குளிர்சாதன அறைக்கு ஒரு விலை, வெளியே ஒரு விலை என்று பிரித்த பலகையும் இருக்கும். எதை எடுத்துவிட்டார்கள், எதை வைத்துக்கொண்டார்கள், புதிதாக எதைச் சேர்த்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பட்டணத்தின் வரலாறு கோட்டைக்குள் எவ்வளவு இருக்கோ அவ்வளவு இந்தப் பலகைகளிலும் இருக்கு.

ஊர் திரும்பியதும் மறுநாள் காலையில் வழக்கமான டீக்கடைக்குப் போவீர்கள் இல்லையா? அங்கே எல்லோருக்கும் டம்ளர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் ஒரு தடவை கவனிச்சுப் பாருங்க.